ரிவர்ஸ் போட்டால் அடிக்கும் ஹார்ன்

பிக்கப் வண்டிக்கு ஏர் ஹார்ன் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. காற்றை அடைத்துவைக்க ஒரு சின்ன டாங்க், அதை நிரப்ப ஒரு கம்ப்ரஸர், ஊதுவதற்கு இரண்டு குழல்கள், சுவிட்சிலிருந்து வயர், நடுவில் மின்சாரத்தைத் திறந்து மூட ஒரு ரிலே. கை சுத்தமாக இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். என் கை சுத்தம். வண்டி வயரிங் என்றால் என் பட்டறைதான் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் நானே சொல்வேன்.

அந்தத் தேன்காரருக்கு நான் ஹார்னை இலவசமாகத்தான் மாட்டிக் கொடுத்தேன். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெடுதல் நினைக்கிறவன் கைக்காசைப் போட்டுச் செய்வானா?

அவர் தேனீப் பெட்டிகள் வைத்திருப்பவர். பழத்தோட்டங்கள் பூக்கிற சமயத்தில் பெட்டிகளைப் பிக்கப்பில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் வைப்பார். ஹெட்லைட் எரியவில்லை என்று வந்தார். பிறகு நன்றாக எரிகிற ஹெட்லைட்டைக் காட்டவும் வந்தார். முன்பக்க மேசையில் பில் எழுதிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருப்பாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேன்காரர் பரம சாது. சாலையில் பிள்ளைகள் பந்து விளையாடினால் எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை காத்திருப்பார். அவருடைய பழைய ஹார்ன் எலி கத்துவது போல இருக்கும், அதையும் அடிக்க மாட்டார்.

ஒருநாள் மாலை மேசையைத் துடைத்துக்கொண்டே மகள் சொன்னாள்.

"அப்பா, அவர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேக்கறார். எனக்கும் சரின்னுதான் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல மனுஷன்தாம்மா. ஹார்ன்தான் சரியில்ல."

என் மனைவி போனபிறகு அடுப்பு, பில், என் பிரஷர் மாத்திரை எல்லாம் மகள் பொறுப்புதான். அதற்காக நான் மாத்திரையை நினைத்துக் கவலைப்பட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். வாயும் தண்ணீரும் இருந்தால் மாத்திரை தானாக உள்ளே போகும். அவளுடைய வாழ்க்கையைத்தான் நினைத்தேன். ஒருவனுடைய குணம் கோபத்தில்தான் வெளியே வரும். அவனுக்குக் கோபமே வரவில்லையென்றால் யாராவது வரவழைத்துத்தானே பார்க்க வேண்டும்?

இதற்கு முன்பும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு வங்கிக்காரர் அவளைக் கேட்டு வந்தார். அவர் காரில் பாட்டுப்பெட்டி மாட்டும்போது, கண்ணாடி ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறாதபடி செய்துவைத்தேன். மழை என் ஏற்பாடு இல்லை. தொப்பலாக நனைந்து வந்து, நான் மாட்டிய பாட்டுப்பெட்டிதான் காரணம் என்று என் மகளிடம் கத்தினார். அதோடு அவர் கதை முடிந்தது. பிறகு ஒரு போட்டோக்காரர். வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் அவர் பைக் நின்றுவிடும். எங்கள் வீடு வலதுபக்கத்தில்தான் இருக்கிறது. வரும்போதெல்லாம் தாமதம், எரிச்சல், வாக்குவாதம். அவரும் போனார். இரண்டு முறையும் மகள் அழுதாள். இரண்டு முறையும் நான்தான் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தேன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டனை அமுக்கினால் ஹார்ன் ஒழுங்காகத்தான் அடிக்கும். கூடவே ரிவர்ஸ் லைட்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை ரிலேவுக்கு இழுத்துவிட்டேன். ரிவர்ஸ் கியர் விழுந்தால் ஹார்ன் தானே அடிக்கும். குழல்களை வண்டியின் பின்தளத்துக்கு அடியில், ரப்பர் வாஷர் இல்லாமல், இறுக்கி முடுக்கினேன். பெட்டிகள் இருக்கும் இடத்துக்கு வண்டியைப் பின்பக்கமாகத்தான் கொண்டுபோக முடியும் என்று அவரே ஒருமுறை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் காது நன்றாகக் கேட்கும்.

பாதிப் பெட்டிகளை ஏற்றிவிட்டு, மீதியை ஏற்ற வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். ஹார்ன் அலறித் தளம் அதிர்ந்ததில் ஒரு பெட்டியின் மூடி நகர்ந்துவிட்டது. என்ன சத்தம் என்று பார்க்கக் கீழே இறங்கியிருக்கிறார். மனிதர் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தேனீ கொட்டினால் மூட்டுவலிக்கு நல்லது என்று சிலர் சொல்வதுண்டு.

"ஐயா, ரிவர்ஸ் போட்டா ஹார்ன் தானா அடிக்குது. நான்தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேன் போல. மறுபடியும் உங்களுக்குச் சிரமம்" என்றார்.

கோபமே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது அப்போதுதான்.

அதைச் சரிசெய்து, கதவைத் திறந்தால் அடிக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் வந்து மன்னிப்புக் கேட்டார். வைப்பருக்கு மாற்றினேன். இதில் ஒரு சங்கடம். வண்டி என்னிடம் இருக்கிற நேரமெல்லாம் அவர் முன்பக்க மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பேன். மேலே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது என்று சொன்னால் நம்புங்கள்.

அடுத்தமுறை மகள் என்னைக் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவளே வண்டிக்கு அடியில் போனாள். நான் தவறியது ஒரே இடத்தில்தான். கெடுக்கிற வேலையைக் கெட்டுப்போன மாதிரியே செய்திருக்க வேண்டும். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தால் ஏதோ பழுது என்று போயிருக்கும். எனக்கு அது வராது. ஈயத்தால் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் உறை போட்டு, வயர் தொங்காமல் வரிசையாகக் கிளிப் அடித்திருந்தேன். யார் கண்ணுக்கும் படாத இணைப்புக்கு ஸ்லீவ் போடுகிற ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அது அவளுக்குத் தெரியும்.

கன்னத்தில் கிரீஸோடு வெளியே வந்தாள்.

"பழுதுன்னா இவ்வளவு அழகா இருக்காதுப்பா."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அந்த பேங்க்காரர் கார் கண்ணாடி?"

"நான்தான்."

"போட்டோக்காரர் பைக்கு?"

"அதுவும் நான்தான். எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா."

அவள் கத்தவில்லை. என் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "காலைல வெள்ளை, ராத்திரி மஞ்சள்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துவைக்கப் போனாள். தேன்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நீங்களும் எங்ககூட வந்துடுங்க ஐயா, ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்றார். இப்படிப்பட்ட ஆளை என்னதான் செய்வது?

நாளைக் காலையில் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். நான் தடுக்கவில்லை. பாதை தூரம், மகள் ஏறுகிற வண்டி. போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வண்டியை என்னிடம் விடுங்கள், எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துத் தருகிறேன் என்றுதான் கேட்டேன். பெற்ற தகப்பனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்க அவளுக்கு அப்படி என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.