கதை விளையாட்டுக்கு ஆள் தேவை

— கையை விடுக்கா, விடுன்னா...

— விட்டா ஓடிருவே. ஏழு படி ஏறினவனுக்கு மிச்சம் ஏழு படி ஏற முடியாதா?

— கால் நின்னுபோச்சு. நாளைக்கு வர்றேன்னு சொல்லிடேன்.

— நாளைக்கு லாண்டரி திறந்திருக்கும். கீழ பதினாறு மெஷின் ஓடினா மேல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்குமா? அதுக்குத்தானே ஞாயித்துக்கிழமை மத்தியானம் வச்சிருக்கு.

— நீ வேலை பாக்கற எடம். உனக்கென்ன பயம்?

— கேளு முதல்ல. உள்ள புலியா கட்டிக் கிடக்கு? மேசையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லுவார். மத்தவங்க ராஜாவா, திருடனா மாறிப் பேசுவாங்க. இக்கட்டு வந்தா பகடையை உருட்டுவாங்க. மூணு வருஷமா எனக்குப் பாடம் எடுத்தவன் நீதானே?

— மூணு வருஷமா சேர ஒரு குழு கிடைக்கல, அதைச் சொல்லு. ஒரு எடத்துல மாணவங்களுக்கு மட்டும்னான். இன்னொரு எடத்துல நாற்காலி காலி இல்லைன்னான்.

— மூணாவது எடத்துல?

— அதைப் பேசாதே.

— பேசுவேன். கிழ ராஜாவா பேசறப்ப உனக்கு நாக்கு திக்கிச்சு. ஒருத்தன் அதே மாதிரி திக்கிக் காட்டினான். பாதியில எழுந்து வந்தவன்தான். அன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ள உக்காந்து அச்சுப்பிழை திருத்தறே. என்னைத் தவிர ஒரு ஜீவன்கிட்டயும் வாயைத் திறக்கறதில்ல.

— இங்கயும் ஒருத்தன் இருப்பான்க்கா. எல்லா மேசையிலயும் ஒருத்தன் இருப்பான். அதோ... சிரிக்கறாங்க பாரு. என்னைப் பத்தித்தான்.

— உன் மூஞ்சியையே இன்னும் பாக்கலியேடா!

— அந்தச் சீட்டை நான் பாத்திருக்கவே கூடாது. உனக்குச் சாப்பாடு கொண்டாந்தவன், துணி மடிக்கற மேசைக்கு மேல சுவத்தை எதுக்கு நிமிர்ந்து பாத்தேன்? ‘கதை விளையாட்டுக்கு ஆள் தேவை’யாம். செத்தேன்.

— பாத்துட்டு ஒரு வாரம் தூங்காம தவிச்சியே, அது சந்தோஷமில்லாம என்னவாம்?

— சரி, வர்றேன். ஆனா வாய் பேசாத காவல்காரனாத்தான் வருவேன். இதோ, என் பாத்திரத்தைத் தாள்ல எழுதிட்டேன். கேட்டா தலையாட்டுவான், அவ்வளவுதான்.

— பேசற விளையாட்டுக்கு வாய் பேசாதவனா! நீச்சல் குளத்துக்குக் குடை எடுத்துட்டுப் போறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— நீ சிரி. குரல் வராம நின்னா, அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? கிணத்துக்குள்ள விழுந்துக்கிட்டே இருக்கற மாதிரி. மேலேர்ந்து எல்லாரும் எட்டிப் பாக்கற மாதிரி.

— தெரியாதுடா. நிஜமாவே தெரியாது.

— அக்கா, அந்தப் பையை ஏன் முதுகுப் பக்கம் மறைக்கறே?

— ஒண்ணுமில்ல. பை கனம்.

— பையில என்ன? என் நோட்டு... என் நாலு நோட்டா? என் கதைக்கு நான் வரைஞ்ச கோட்டை, ஆறு, காடெல்லாம் இதுல இருக்கு! ஒருத்தருக்கும் காட்டினதில்லையே. இதை எதுக்கு எடுத்தே? சேர வர்றவனுக்கு ஒரு தாள் போதுமே.

— கோவிச்சுக்காதேடா... அந்தச் சீட்டை எழுதி ஒட்டினது நான்தான். உள்ள இருக்கற நாலு பேரும் இதுவரைக்கும் பகடையைத் தொட்டதில்ல. கதை சொல்ல என் தம்பி வருவான்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.