வராத பதினெட்டுச் செவ்வாய்க்கிழமைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பணிப்பாளர் ஸைனுலாப்தீன் அவர்களே, ஸுலைஹா உம்மாவின் பிள்ளைகளே, மண்டபத்தின் கடைசி வரிசைகளில் நெருக்கிக்கொண்டு இருக்கும் எங்கள் மாணவ மாணவியரே! உங்களில் ஒருவருக்கும் அறுபது வயதுக்குக் குறைவில்லை. உங்களைப் பின்னால் இருத்தியது யாரென்று தெரியவில்லை. அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

என் பெயர் பஸால். கிழக்குக்கரைப் பல்கலைக்கழகம் கல்முனையில் நடத்தும் முதியோர் கல்வி நிலையத்தில் நான் தற்காலிக விரிவுரையாளன். இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடும்.

முதலில் எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பதாகை. 'ஹாஜியானி ஸுலைஹா உம்மா' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. உம்றாவுக்கும் போனதில்லை. வயதான முஸ்லிம் பெண் என்றதும் கைக்கு வந்த பட்டத்தைப் போட்டுவிட்டீர்கள். அவருடைய பெயருக்கு முன்னால் போட ஒரு சொல் இருந்தது. மாணவி! அந்தச் சொல்லுக்காக அவர் எங்களோடு ஒன்றரை வருடம் போராடினார். மௌத்தான பிறகும் அதைக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

மாணவி ஸுலைஹா உம்மா யார்? சாய்ந்தமருதில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம், யாரோ நீட்டிய படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்து வைத்து, புது வீட்டுப் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே நீக்கிக்கொண்டவர். அதை அவர் மறக்கவேயில்லை. அறுபத்தாறு வயதில் எங்கள் 'அன்றாடச் சட்டமும் ஆவணங்களும்' பாடநெறிக்கு வந்து சேர்ந்தபோது, ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். பாடநெறியில் சித்தியடைந்தவர்களைப் பிரதேச செயலக வாசலில் ஓர் உதவி மேசையில் இருத்துவோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம் அல்லவா? அந்த மேசையில் தனக்கு ஒரு கதிரை வேண்டும் என்றார். தன்னைப் போல ஒருத்தி படிவத்தோடு வந்தால் வாசித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. கேட்டது பெரிய பதவியா?

பாடநெறி இருபத்துநான்கு செவ்வாய்க்கிழமைகள். ஐந்து வகுப்புக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மறுநாள் அவருடைய கணவர், மீனுக்கு ஐஸ் போடும் வாடி வைத்திருந்த அச்சிமுகம்மது அவர்கள், மௌத்தானார். ஸுலைஹா உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்தவருக்கு மார்க்கம் சொன்னபடி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பதினெட்டுச் செவ்வாய்க்கிழமைகள்!

அந்தப் பதினெட்டு வாரமும் அவர் சும்மா இருந்தாரா? இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறார் செல்லத்தம்பி ஐயா. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய சகமாணவர். வகுப்பு முடிந்து காரைதீவுக்குத் திரும்பும் வழியில், சைக்கிளை நிறுத்தி, பாடக்குறிப்புகளை ஸுலைஹா உம்மாவின் வீட்டு வாசலில் வைத்து அவருடைய மகள் றஸ்னாவின் கையில் கொடுப்பார். உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். அடுத்த வாரம் அதே வாசலில் எழுதி முடித்த பயிற்சித்தாள் காத்திருக்கும். ஆறு பயிற்சிகள். ஆறையும் திருத்தியவன் நான். வகுப்பில் அதிகப் புள்ளி அவருக்குத்தான்.

ஒரு கையால் புள்ளி போட்டேன். அதே கையால் வரவேட்டில் பதினெட்டு முறை 'வரவில்லை' என்று எழுதினேன். ஆகவே இன்று நான் உங்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

இத்தா முடிந்து கடைசி வகுப்புக்கு வந்தார். மறுவாரம் பரீட்சை. மண்டப வாசலில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. எண்பது வீத வரவு இல்லாதவர் பரீட்சை எழுத முடியாது என்பது விதி. விலக்கு ஒன்றுதான், மருத்துவச் சான்றிதழ்.

இந்த விதியை எழுதியது யார்? கொழும்பிலிருந்து வந்த யாரோ எழுதியிருந்தால் அறியாதவர் என்று விட்டுவிடலாம். ஐந்து பேர் குழு. நால்வர் இந்தக் கரையில் பிறந்தவர்கள். அந்த நால்வரின் வீடுகளிலும் இத்தா இருந்த உம்மாவோ மாமியோ உண்டு. அவர்கள் ஒதுங்கியிருந்த அறைக்குச் சாப்பாடு போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய கைநூலை எடுத்து, மேலட்டையில் 'முதியோர்' என்று ஒட்டியதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. கேட்கிறேன், அறுபது தாண்டிய பெண்களுக்கு வகுப்பு வைத்துவிட்டு, அவர்களுடைய கணவன்மார் சாகமாட்டார்கள் என்றா நினைத்தீர்கள்?

அன்றைக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவரை நடைபாதைக்குக் கூட்டிப் போய் மெல்லிய குரலில், "உம்மா, தெரிஞ்ச டொக்டர் ஒராள் இரிக்கார். முதுகு வருத்தம் எண்டு ஒரு மெடிக்கல் எடுத்துத் தாறன். அதோட வேலை முடிஞ்சிரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ட முதுகு நல்லாத்தான் இரிக்கி மகன். உங்கட முதுகத்தான் ஒருக்காக் காட்டிப் பாக்கணும்."

பிறகு சிரிப்பு நின்றது. "என்ட மனிசன் மௌத்தாப் போனார், நான் இத்தா இருந்தன். அத முதுகு வருத்தம் எண்டு எழுதச் சொல்றீங்களா? உண்மையில்லாத கடதாசில கையெழுத்து வைக்காதீங்க எண்டு படிப்பிச்சது நீங்கதானே?"

நான் படிப்பித்ததை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான் போலிருக்கிறது. எனக்கே விளங்கியிருக்கவில்லை.

மேன்முறையீடு எழுதினார். தன் கையாலேயே, ஒரு பக்கத்தில், பிழையில்லாமல். காரணம் என்ற இடத்தில் 'இத்தா' என்று ஒரே சொல். நான்கு மாதம் பதில் இல்லை. விசாரிக்கப் போனபோது, அந்தக் காரணத்துக்குக் கணினியில் கட்டம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூடவே போயிருந்த செல்லத்தம்பி ஐயா அங்கேயே கேட்டார்: "எங்கட ஆக்களுக்குச் செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள் தம்பி. அப்ப நானும் முதுகு வருத்தத்துலதான் படுக்கணுமோ?" அலுவலகமே சிரித்தது. சிரித்துவிட்டுக் கோப்பை மூடி வைத்தது.

ஸுலைஹா உம்மா என்ன செய்தார்? இந்த வருடம் தையில் அதே பாடநெறிக்கு முதலிலிருந்து மறுபடி பதிந்தார்! தனக்குத் தெரிந்த பாடத்தை, தான் அதிகப் புள்ளி எடுத்த பாடத்தை, முன்வாங்கில் இருந்து மறுபடி கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்துப் படிப்பிக்க வெட்கமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு முதல் நாள் மாரடைப்பு. அன்றே போய்விட்டார். அந்தக் கதிரையில் அவர் ஒரு நாள்கூட இருக்கவில்லை.

இப்போது நிகழ்ச்சி நிரலில் ஒன்று இருக்கிறது. எனது பேச்சுக்குப் பிறகு அவருடைய பெயரில் 'கௌரவச் சான்றிதழ்' வழங்கப்படுமாம். பணிப்பாளர் அவர்களே, அதை எடுத்து உள்ளே வையுங்கள். காலையில் றஸ்னா என்னிடம் சொன்னார்: "உம்மா சோதினை எழுதல்ல சேர். எழுதாத சோதினைக்கு நான் சேட்டிபிக்கட் எடுத்தா, எழும்பி வந்து ஏசுவா." உயிரோடு இருந்தபோது எழுத விடவில்லை. மௌத்தான பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறீர்கள். படம் எடுக்க இலேசு என்பதாலா?

இத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் துஆச் செய்துவிட்டு இறங்கியிருப்பேன். முடியவில்லை. ஸுலைஹா உம்மாவுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர் றபீக்கா ராத்தா, மருதமுனைக்காரர். சென்ற மாதம் அவருடைய கணவர் மௌத்தானார். ராத்தா இப்போது இத்தாவில் இருக்கிறார். மூன்று செவ்வாய்க்கிழமைகள் போய்விட்டன. இன்னும் இரண்டு போனால் அவருடைய பெயரும் பட்டியலிலிருந்து விழும். விதியை மாற்றக் குழு கூட வேண்டும் என்கிறீர்கள். குழு எப்போது கூடும் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவரை அடக்கிவிட்டு வந்திருக்கிறோம்!

ஆகவே நாங்கள் கூடிவிட்டோம். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, மாணவர்கள் இருபத்தாறு பேரும், என்னோடு படிப்பிக்கும் ஸாலிஹா ஆசிரியையும், நானும். எடுத்த முடிவைத்தான் ஸுலைஹா உம்மாவின் பெயரால் இந்தச் சபையில் வாக்குறுதியாகத் தருகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த நிலையத்தில் வகுப்பு நடக்காது. றபீக்கா ராத்தாவின் வீட்டில் நடக்கும். அவரிடம் கேட்டோம், ஓம் என்று சொல்லியனுப்பினார். பெண்கள் உள்ளே ராத்தாவோடு இருப்பார்கள். ஸாலிஹா ஆசிரியை அங்கே படிப்பிப்பார். ஆண்கள் முற்றத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு நான் படிப்பிப்பேன். அவருடைய இத்தா முடியும் வரைக்கும் ஒவ்வொரு செவ்வாயும் வகுப்பு அங்கேதான். எனது ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் உங்கள் கையில். அதற்குப் பயந்து ஒரு முறை நடைபாதையில் நின்று குசுகுசுத்தது போதும்.

அல்லாஹ் ஸுலைஹா உம்மாவின் கப்றை விசாலமாக்குவானாக.

பணிப்பாளர் அவர்களே, உங்களுக்கும் முற்றத்தில் ஒரு கதிரை போட்டு வைப்போம். ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவோம். ராத்தாவின் பெயரை முதலில் கூப்பிடுவோம், அவர் தன் வீட்டில் இருப்பார். உங்களுடைய பெயரையும் கூப்பிடுவோம். நீங்கள் அங்கே இல்லையென்றால், வரவில்லை என்று எழுதுவோம்.