பின்பக்கம் வராத ஸ்கேனர்

…அப்ப முன்பக்கம் மட்டும் எடுக்குற மிஷினுக்கு எதுக்கு தம்பி முழு விலை? நான் அதைத்தான் கடையில போன் பண்ணிக் கேட்டேன். ஆளை அனுப்புறோம்னாங்க, நீங்க வந்திருக்கீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. நீங்களும் ஒரு இடத்துல வேலை செய்யுறவர்தானே. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்களை சார்னு கூப்பிட எனக்கு வாய் வராது. தோழர்னு கூப்பிட்டா இந்தக் காலத்து ஆளுங்க வாசலைப் பாக்குறாங்க. அதனால தம்பி.

இதான் ஆளு. எவ்வளவு ஒல்லி பாருங்க, ஸ்லேட்டுப் பலகை மாதிரி. கரண்டுக்குன்னு தனி ஒயர் கிடையாது, கம்ப்யூட்டர்கிட்ட இருந்தே உறிஞ்சிக்கும். நான் பல்பு கம்பெனியில கண்ணாடி ஊதினவன். வெளிச்சம்னா சூடு, வெளிச்சம்னா வேர்வை, அப்படிப் பழகின உடம்பு. இதுல என்னடான்னா மூடிக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நடக்குது, மேல கையை வெச்சா ஜில்லுன்னு இருக்கு. வேலை செய்யுற எதுவும் இவ்வளவு சாதுவா இருந்தா எனக்குச் சந்தேகம் வரும். வந்துச்சு.

என் சம்சாரத்துக்கு இது ரொம்ப இஷ்டம். எம்ப்ராய்டரி டிசைனை இதுல வெச்சு எடுத்து, பூவைப் பெருசாக்கி, இலையைச் சின்னதாக்கி… மத்தியானம் பூரா அதே வேலை. "சொன்னதைச் செய்யுது, திருப்பிப் பேசல"ங்குறா. யாரோட ஒப்பிட்டுச் சொல்றான்னு நான் கேக்கல.

நீங்க உங்க பேப்பரை வெச்சு எடுத்துப் பாருங்க. நான் பேசிக்கிட்டு இருக்கேன். இடைஞ்சல் இல்லையே? தலையை ஆட்டினீங்க, இல்லைன்னு எடுத்துக்குறேன். ஒரு நாளைக்கு எத்தனை வீடு போகச் சொல்றாங்க உங்களை? பெட்ரோலுக்குத் தனியா தர்றாங்களா? தரமாட்டாங்க. நீங்க வாயைத் திறந்து கேட்டிருக்கவும் மாட்டீங்க. சரி சரி, அது அப்புறம். முதல்ல என் கேஸைப் பாப்போம், ஏன்னா இன்னைக்கு சாயங்காலம் எங்க பழைய கம்பெனியைப் பத்தின ஒரு புஸ்தகம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள என் நோட்டீஸோட பின்பக்கம் போய்ச் சேரலைன்னா அதுல என் பேர் இருக்காது. விஷயம் அவ்வளவுதான்.

என்ன நோட்டீஸா? சொல்றேன். எங்க கம்பெனியில கண்ணாடி ஊதுற ஹால் ஒண்ணு. ஜன்னல் எல்லாத்தையும் ஆணி அடிச்சு மூடி வெச்சிருந்தான் மேனேஜர். காத்து பட்டா கண்ணாடி சட்டுனு ஆறி விரிசல் விடுமாம். ஆளுங்க மயங்கி மயங்கி விழுந்தாங்க, மயங்கினவனுக்கு அரை நாள் லீவு போட்டுச் சம்பளத்தைப் பிடிச்சான். அதுக்குத்தான் ஸ்டிரைக். எங்க கோரிக்கை ஒண்ணும் பெருசில்ல, ஜன்னலைத் திற. அதுக்கு நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். முதல் வரியே, "வெளிச்சம் செய்கிறவனுக்கு மூச்சு வேண்டும்." எப்படி இருக்கு? நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவன் தம்பி. என் படிப்பெல்லாம் நோட்டீஸ்தான். தெருவுல யார் எதை நீட்டினாலும் வாங்கிப் படிப்பேன். ஆதரிக்கிறவன் நோட்டீஸ், எதிர்க்கிறவன் நோட்டீஸ், மூலத்துக்கு மருந்து விக்கிறவன் நோட்டீஸ். எழுத்துல அழுத்தம்னா என்னன்னு அந்த மூணாவது ஆள்கிட்டதான் கத்துக்கிட்டேன்.

நோட்டீஸ்னா பின்பக்கம் கீழ ஒரு பேர் இருக்கணும். எழுதி வெளியிட்டது இன்னார்னு. பேர் இல்லாட்டி பிரஸ்காரர் அடிக்க மாட்டார். பேர் இருந்தா போலீஸ் வழி கேக்காம நேரா அந்த வீட்டுக்கு வரும். சங்கக் கமிட்டி கூடுச்சு, யார் பேர் போடலாம்னு கேட்டாங்க. அத்தனை பேரும் தரையைப் பாத்தாங்க. நல்ல சிமெண்ட் தரை, பாக்க வேண்டியதுதான். நான் என் பேரைப் போடச் சொன்னேன். போட்டாங்க. போலீஸும் சரியா வந்துச்சு. நான் உள்ள போய்ட்டு வெளிய வந்தப்ப ஹால்ல ஜன்னல் திறந்திருந்துச்சு, எனக்கு வேலை போயிருந்துச்சு. போகட்டும். காத்து உள்ள வந்துச்சுல்ல.

அந்தத் தரையை எல்லாரையும் விட ரொம்ப நேரம் பாத்தவர் என் மச்சான். சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன். அப்புறம் சங்கம் ரெண்டா உடைஞ்சுது. பெரிய பாதிக்கு அவர் தலைவர். சின்ன பாதிக்கு நான் தலைவர், செயலாளர், போஸ்டர் ஒட்டுறவன், எல்லாம். அதோட பேச்சு வார்த்தை நின்னுது. அவர் தங்கச்சியைப் பாக்க வீட்டுக்கு வந்தா, நான் பின்னாடி குழாயைச் சரி பண்ணப் போயிடுவேன். அந்தக் குழாய் இப்ப ரொம்ப நல்லா இருக்கு.

அவர்தான் இப்ப அந்த ஸ்டிரைக்கைப் பத்திப் புஸ்தகம் போடுறார். தரையைப் பாத்தவர் எழுதுற வரலாறு. அதுல நோட்டீஸோட படம் போடணுமாம். யார்கிட்டயும் இல்ல. உலகத்துலயே ஒரே பிரதி என் சட்டைப் பையில இருந்து பொட்டிக்குப் போனது. நாலா மடிச்சது. தங்கச்சிக்குப் போன் போட்டு, "போன்லயே ரெண்டு பக்கமும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க, போதும்"னார்.

போதுமாம். இவளும் எடுத்தா. என் கட்டைவிரல் நிழல் விழுந்து, கோணலா, ஏதோ ஒற்றன் ஒளிஞ்சு நின்னு எடுத்த மாதிரி இருந்துச்சு. அனுப்பாதேன்னுட்டேன், அழிச்சும் விட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போங்கன்னா. அந்தக் கடைக்காரர் முன்ன மச்சானோட பாதியில இருந்தவர். என் நோட்டீஸை அவர் கையில எப்படிக் குடுப்பேன்? அதான் உங்க கடைக்கு வந்தேன். இருக்குறதுலயே மலிவானது எதுன்னு கேட்டேன், இதை எடுத்து நீட்டினாங்க.

என்ன, உங்க பேப்பர் நல்லா வருதா? வரும். உங்க பேப்பர் புதுசு, தட்டையா இருக்கு. மடிப்பு விழுந்ததை வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் இதோட லட்சணம். கண்ணாடியில ஒட்டி உக்காந்தா எழுத்து பளிச்சுனு இருக்கும். ஒரு நூல் அளவு தூக்கிட்டா மங்கிடும். ஒல்லியா இருக்குறதுக்கு அதான் விலையாம், உங்க கடையில சொன்னாங்க. என் நோட்டீஸுக்கு நடுவுல மடிப்பு. மடிப்பு போறது சரியா "மூச்சு"ங்குற வார்த்தை மேல. எடுத்துப் பாத்தா, "வெளிச்சம் செய்கிறவனுக்கு" அப்புறம் ஒரு மேகம், அப்புறம் "வேண்டும்." என்ன வேணும்னே தெரியாம ஒருத்தன் ஸ்டிரைக் பண்ணியிருக்கான்னு படிக்கிறவன் நினைப்பான்.

இஸ்திரிப் பெட்டியை லேசா வெச்சேன். மடிப்பு படுத்துச்சு, மூடியைத் திறந்தா எழுந்துக்கிச்சு. மூடி மேல புஸ்தகம் அடுக்கினேன். அது மேல என் கையை ஊனிக்கிட்டு நின்னேன். மிஷின் ஒரு முனகு முனகுச்சு, இவ ஓடி வந்து என்னைத் தள்ளி விட்டா. "கண்ணாடியை உடைக்கத்தான் வாங்கினீங்களா"ன்னா. நான் கண்ணாடி ஊதினவன்டி, எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாதான்னேன். சரி, இறங்கி வந்துட்டேன்.

அப்பதான் ஒரு யோசனை. பேப்பர் விறைப்பா நிக்கணும்னா என்ன பண்ணணும்? அட்டையில ஒட்டணும். இவ வெளிய போன நேரம் பாத்து மைதா காய்ச்சினேன். துத்தம் கொஞ்சம் போட்டேன், பூச்சி அரிக்காது. கை மறக்கல தம்பி. கட்டி இல்லாம, கையில எடுத்தா நூல் மாதிரி இழுத்துக்கிட்டு வந்துச்சு. மிஷின் வந்த பெட்டியையே வெட்டி, ஒரு ஓரத்துல பிடிச்சு, மத்த ஓரம் வரைக்கும் ஒரே தேய்ப்பு… ஒரு குமிழி கிடையாது. காய விட்டு எடுத்தேன். கம்ப்யூட்டர்ல பாத்தா எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. "மூச்சு" அப்படியே நிக்குது. அடிச்ச அன்னைக்குக் கூட அவ்வளவு நல்லா இல்ல.

அப்புறம் பின்பக்கம் எடுக்கலாம்னு திருப்பினேன்.

ம். நீங்க சிரிக்கலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்.

திருப்பி வெச்சு, மூடியை மூடி, பொத்தானையும் அழுத்திட்டேன். என் பேரு இருக்க வேண்டிய இடத்துல ஒரு குடும்பம் வருது. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, நடுவுல இந்த ஸ்கேனர். எல்லாருக்கும் பல்லு முப்பத்திரண்டும் தெரியுது. பெட்டி மேல போட்டிருந்த விளம்பரம். அதுவும் ரொம்பப் பளிச்சுனு வந்துச்சு. மிஷினைக் குத்தம் சொல்ல முடியாது, கொஞ்சம் முன்ன சொன்னதை வாபஸ் வாங்கிக்குறேன்.

ஆயுசு பூரா சுவத்துல ஒட்டினவன் தம்பி நான். சுவத்துல ஒட்டுற பேப்பருக்கு ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் சுவரோடது. பசை தடவுற கைக்கு அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்குற பழக்கமே கிடையாது. என் பேர் மேலயே ரெண்டு தடவை தடவியிருக்கேன், ஓரம் தூக்கக் கூடாதுன்னு.

இல்ல, ஆவி காட்டி உரிக்க வேண்டாம். இவ வந்து அதையும் பண்ணிப் பாத்தா. பேப்பரோட மூலைதான் கிழிய ஆரம்பிச்சுது, பசை அசையல. ஈரத்துணியும் பாத்தாச்சு. போலீஸ் தண்ணி பீச்சிச் சொரண்டியும் வராத பசை அது. நான் அதுக்காகவே காய்ச்சக் கத்துக்கிட்டது.

அதான் கடைக்குப் போன் பண்ணினேன். பின்பக்கம் வரலைன்னு சொன்னது பொய் இல்ல. வரலையே. அட்டையைத் தாண்டிப் பாக்குற மாதிரி ஏதாவது செட்டிங் இருக்கும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில எலும்பையே பாக்குறாங்க. இல்லையா? சரி. இல்லைன்னா இல்லைன்னு சொல்ற ஆளு எனக்குப் பிடிக்கும்.

மச்சான் என் பேரை விட்டுடுவாரான்னு கேக்குறீங்க. அதை நான் ஒழுங்காச் சொல்லல. அவர் விடல. அன்னைக்கு இவகிட்ட பேசிட்டு, போனை என்கிட்ட குடுக்கச் சொன்னார். வேற வழியில்லாம வாங்கினேன். "மாப்பிள்ளை, நீங்க எழுதினதுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்க பேரைப் போட்டு எப்பவோ ரெடி பண்ணியாச்சு. படம் மட்டும்தான் வேணும்"னார். குரல் கூட நல்லாத்தான் இருந்துச்சு, கிழடு தட்டிப் போய்.

எனக்கு அதுதான் பொறுக்கல. நான் அவர்கிட்ட சண்டைக்கு எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன் தம்பி. என்ன கேப்பார், நான் என்ன பதில் சொல்லணும், எல்லாம். அவர் கேக்கவே இல்ல. போட்டாச்சாம். யாரு கேட்டா? நான் சொன்னேன், "உங்க தயவுல என் பேர் வர வேண்டாம். ஆதாரம் அனுப்புறேன், அதைப் பாத்துப் போடுங்க. அதுவரைக்கும் எடுத்துடுங்க."

அவர் "சரி மாப்பிள்ளை"ன்னார். எடுத்துட்டார். நான் கொண்டு வந்த ஒரு தீர்மானத்தை அவர் எதிர்ப்பில்லாம ஏத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

ஆமா, இப்பவும் ஒரு போன் போட்டா முடிஞ்சுது. பேரைப் போட்டுடுங்க மச்சான்னு ஒரு வார்த்தை. எனக்குத் தெரியாமலா இருக்கு? போலீஸ்காரன் கேட்டே நான் தணிஞ்சு பேசினதில்ல.

கையெழுத்தா? குடுங்க. என்ன எழுதியிருக்கீங்க… "இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை." நல்ல வாக்கியம். பழுது வேற எங்கன்னு எழுதாம விட்டீங்க பாருங்க, அது மரியாதை. இங்கயா போடணும்? இருங்க, மெதுவாப் போடுறேன்.

…உள்ள இவ யாரோடயோ போன்ல பேசுறா. கேக்குதா உங்களுக்கு? "அண்ணா"ங்குறா. என் பேரைச் சொல்றா. வீட்டுல அவ வாயால என் பேரைக் கேட்டதே இல்ல நான், எப்பவும் "என்னங்க"தான். "இனிஷியலை விட்டுடாதண்ணா"ங்குறா.

நியாயமாப் பாத்தா நான் எழுந்து போய் அந்தப் போனைப் பிடுங்கணும். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.

நீங்க ஏன் தம்பி அதுக்குள்ள பையை எடுக்குறீங்க? நீங்க கிளம்பிட்டா நான் உள்ள போக வேண்டியிருக்கும். உக்காருங்க. அந்த மூடியை எப்படித் திறக்கணும், எப்படி மூடணும்னு இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க. எனக்குச் சரியா விளங்கல. மெதுவா. அவசரமே இல்ல.