கீழ்வீட்டில் நர்சம்மா தூங்குகிறார்

— உள்ள போயி ரொம்ப நேரமாச்சேடா, டமாரம்.

— டியூபை விட்டுப் பாக்குறாங்கக்கா. உன் பொண்ணு தைரியசாலி. விடு, உக்காரு.

— எங்க விடறது? "இனிமே அவளால பாட முடியுமா"ன்னு கேட்டேன், தொண்டை டாக்டர் மறுபடி உள்ள பாத்துட்டுத்தான் சொல்வாராம். உள்ள காய்ப்பு காய்ச்சிருக்காம். கத்திக் கெடலையாம், ரகசியம் பேசற மாதிரி பாடிப் பாடியே தொண்டையை நசுக்கிட்டாளாம்.

— நம்ம மியூசிக் பேண்ட் மாதிரி.

— நாம எங்கடா அப்படிப் பாடணும்னு பாடினோம்? மாடியில உன் ரூம். கீழ்வீட்டு நர்சம்மா நைட் டியூட்டி முடிச்சுட்டுப் பகல்ல தூங்குவாங்க. சத்தம் கேட்டா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு நீ டிரம்முக்குப் பதிலா தலையணையைத் தட்டினே, நான் முனகினேன்.

— ஒரே வாரத்துல பதிவு பண்ணின ஒரே கேசட். அடுத்த மழைக்குள்ள சண்டை போட்டுப் பேண்டையே மூடிட்டோம். இப்ப அந்தக் கேசட்டைக் கேட்டுக் கேட்டு, ரேடியோவைத் திருப்பினா எல்லாப் பொண்ணும் உன்னை மாதிரிதான் முனகுது. பசங்க ஸ்டுடியோவுக்குத் தலையணை தூக்கிட்டுப் போறானுங்கக்கா! "பருத்தியா, இலவம்பஞ்சா சார்?"னு என்கிட்டயே ஒருத்தன் கேக்கறான்.

— சிரிக்காதே, வயிறு எரியுது.

— சரி, விடு. சிரிக்கலை.

— வாயைத் திறந்து பாடுடி, வாயைத் திறந்து பாடுடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன். என்ன சொன்னா தெரியுமா? "நீ மட்டும் அப்படிப் பாடிப் பேர் வாங்கலாம், நான் வாங்கக் கூடாதா?"

— நர்சம்மா கதையைச் சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லாம இருப்பேனா! "புளுகாதேம்மா, அது உங்க ஸ்டைல்"னு சிரிக்கிறா. பெத்தவ பேச்சு எடுபடலை, அந்தக் கேசட்டுதான் அவளுக்கு வேதம். நான் என்னடா பண்ணுவேன்? என் குரலைப் பிடுங்கி அவ தொண்டையில வைக்க முடியுமா?

— அழாதேக்கா. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்.

— உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— பின்னே என்னத்துக்குச் சொல்றே!

— அக்கா, கண்ணைத் துடை. எதிர் பெஞ்சுல வரிசையா பொண்ணுங்க உக்காந்திருக்காங்கல்ல, உன்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. எந்திரிச்சு வராங்க.

— இப்பப் போயா? பெத்த பொண்ணு உள்ள கிடக்கறா. என்னால யார்கிட்டயும் பேச முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுடா.

— அவங்களாலயும் பேச முடியாதுக்கா. அத்தனை பேரும் இதே டாக்டரைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. உன் கையெழுத்துக்குப் பேனாவை மட்டும் நீட்டுறாங்க.