நெஞ்சுப் பட்டை

இல்ல சார், ரிப்பேருன்னு யாரு சொன்னா? பொட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. அதான் பேஜாரே. எனுக்கு வேண்டியது பிரிண்டு. இதுக்குள்ள ஏறியிருக்கற நம்பரெல்லாம் பேப்பர்ல வரணும். நாளைக்குக் காலையில மரக்காணத்துல, எங்க மாமியார் வூட்டுல பேச்சு. மச்சான், அவங்க ஊரு பெரியவங்க, எல்லாம் உக்காருவாங்க. எம் பொண்டாட்டி என்கூட வாழறதா, அத்து வுட்டுடறதான்னு பேசி முடிக்கப் போறாங்க. வாயால சொன்னா எவன் நம்புவான்? அதான் திண்டிவனத்துல பஸ்ஸப் புடிச்சி, உங்க கம்ப்யூட்டர் கடையத் தேடிக்கினு விழுப்புரம் வந்தேன்.

திண்டிவனத்துல ஆளு இல்லாமலா? இருக்கறான். இத்த மாட்டினவனே அங்கதான் இருக்கறான். அவன்கிட்டயே போயி, உன்னப் பத்தின சாட்சிய நீயே பிரிண்டு போட்டுக் குடுடான்னு கேக்கச் சொல்றீங்களா?

மொதல்லேர்ந்தே சொல்றேன். எங்க வூட்டம்மா பவானிக்கு சுகரு. டாக்டரு நடக்கச் சொன்னாரு. ரோட்டுல நடக்க வெக்கமா இருக்குதுன்னா. சரின்னு, நின்ன எடத்துலயே மிதிக்கற சைக்கிள் ஒண்ணு வாங்கிப் போட்டேன். முன்னாடி என் டயர் கடை, பின்னாடி வூடு. மிதிக்கறாளா, இல்ல டிவியப் பாத்துக்கினு சும்மா குந்திக்கினு இருக்கறாளான்னு கடையில இருக்கற எனுக்கு எப்படித் தெரியும்? அப்பத்தான் இந்த வல்லரசு வந்தான். கடைகடையா கேமரா மாட்டறவன். அண்ணா, பெடல்ல ஒரு காந்தம், பக்கத்துல ஒரு சென்சாரு, மாருல ஒரு பட்டை, எல்லாத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டர்ல கோத்து வுட்டுடறேன், நீங்க கல்லாவுலேர்ந்தே பாக்கலாம்னான். சொன்ன மாதிரியே செவுத்துல ஓட்டை போட்டு, ஒயர இழுத்து, இந்தப் பொட்டிய என் தலைக்கு மேல மாட்டிக் குடுத்தான். பெடலு எவ்ளோ சுத்துது, நெஞ்சு எவ்ளோ அடிக்குது, ரெண்டும் தெரியும்.

வேலை சுத்தம் சார், அத்த ஒத்துக்கறேன். ஆளுதான் புடிக்கல. நல்லா வாரி வுட்ட தலை, சட்டையில சென்ட்டு. கீழ குந்திக்கினு, அக்கா மிதிங்க, அக்கா நிறுத்துங்கங்கறான். இவ சிரிக்கறா. அந்தச் சிரிப்ப நான் பாத்து எத்தினி வருஷம் ஆவுது தெரியுமா? நண்டுக் கொழம்பு வெச்சா, பாவம், மெஸ்ஸுல துன்றவன்னு அவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெக்கறா.

அக்கான்னுதான் கூப்புட்டான். கூப்புட்டா இன்னா? வாயில அக்கா, மனசுல இன்னான்னு பொட்டியா வெச்சிப் பாக்க முடியும்? ஆனா இவ மனசுக்குத்தான் பொட்டி இருக்குதே. ஒரு நாளு தெருமுனையில அவன் வண்டி சத்தம் கேக்குது. மேல பாக்கறேன். பெடலு முட்டை. காலு ஆடல. நெஞ்சு மட்டும் எம்பது, நூறு, நூத்தி இருபதுன்னு ஏறுது! குந்தின எடத்துல குந்தியிருக்கறவளுக்கு நெஞ்சு ஏன் சார் ஓடணும்?

ஒரு தடவைன்னா வுட்டுருப்பேன். வர்றப்பல்லாம் அப்படித்தான். அடிக்கடி வந்தானான்னா... நான்தான் போன் பண்ணி வரச் சொல்வேன். சிக்னலு சரியில்லப்பா, வந்து பாருன்னு. அவன் வராம எப்படி டெஸ்ட் பண்றது?

போன வாரம் நம்பரக் காட்டி, இதுக்கு இன்னாடி அர்த்தம்னு கேட்டேன். அழுவல, கத்தல. பட்டையக் கழட்டி கல்லா மேல வெச்சா. பஸ் ஏறிட்டா.

ஆங், கரண்டு குடுங்க. எரியுதா? பாத்தீங்களா, தொண்ணூத்தாறு! மரக்காணத்துல இருக்கறவ நெஞ்சு இங்க வரைக்கும் வருது பாருங்க!

வராதா? ஒரு ரூம்பு தாண்டினாலே கஷ்டமா? அப்ப இது யாருது? உங்களுதா?

என்னுதா? ஆமா, நானும் ஒண்ணு போட்டிருக்கறேன். எனுக்கு பிபி, ஜோடியா வாங்கினேன். குளிக்கறப்பத்தான் கழட்டுவேன். ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் போடக் கூடாது, பொட்டி கிட்ட இருக்கறதத்தான் புடிச்சிக்கும்னு அவன்கூட சொன்னான். அவன் பேச்ச நான் கேக்கணுமா?

இப்பவே கழட்டணுமா? சரி, அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். இந்தாங்க.

இன்னா சார், நம்பரு போயி கோடா வருது?

அவளுது பையில இருக்குது. இந்தாங்க. மெதுவா, காசு வெச்சித் தொறங்க. அது இன்னாது, பேட்டரி அடியில நாக்கு மாதிரி? பிளாஸ்டிக்கா? வாங்கின அன்னிக்கே இழுத்துடணுமா? இழுக்காத வரைக்கும் உயிரே வராதா?

அவன் கேட்டான் சார். அக்கா பட்டையக் குடுங்கண்ணா, ஒரு தபா செக் பண்ணிடறேன்னு. எம் பொண்டாட்டி மாருல கட்டறத அவன் கையில குடுப்பேனா? நானே எடுத்துக்கினு போயி கட்டி வுட்டேன்.

அப்ப இது ஒரு நாள்கூட...

தண்ணி வேணாம் சார். பரவாயில்ல.

வண்டி சத்தம் கேட்டதும் ஓடினது. கொழம்புக் கிண்ணத்தப் பாத்ததும் ஓடினது. அத்தினியும்.

பிரிண்டா? வேணும். ஏன் வேணாம்? போடுங்க. நாளைக்கு அத்தினி பேரு முன்னாடி அவ கையிலயே குடுத்துடறேன். என் பட்டைய மட்டும் இப்ப கிட்ட கொண்டாராதீங்க, இன்னா காட்டும்னு எனுக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணு சார். மேல பவானின்னு இருக்குது பாருங்க, அத்த மட்டும் அழிச்சிடுங்க. ராஜாமணின்னு போடுங்க. எம் பேருதான்.