உப்பு கேட்கச் சொன்ன சீதாலெட்சுமி அம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் இராமையா அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, இன்று மலைக்கு வேலைக்குப் போகாமல் வந்து கூடியிருக்கும் என் தாய்மாரே, அண்ணன் தம்பிகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைமடுவத்தின் பொறுப்பாளர் சீதாலெட்சுமி அம்மா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அவரோடு சேர்ந்து உங்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

அம்மா தாலாட்டு மட்டுமா பாடினார்? அடி வாங்கும் பெண்கள் உயிரோடு வெளியேற வழி செய்தார்! கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை மடுவத்தில் விட வந்தால் எந்தப் புருஷன் சந்தேகப்படுவான்? பிள்ளையின் துணிப்பைக்குள் ஒருநாள் அடையாள அட்டை வரும், இன்னொரு நாள் மாற்றுச் சேலை வரும். எல்லாம் எங்கள் அலமாரியில் சேரும். "போகப்போறேன்னு கோவத்துலகூட வாய விட்டுறாதடி. அவனுக்குத் தெரியிற அன்னிக்குத்தான் ஆபத்து அதிகம்" என்பார். இதைக் கேட்டுவிட்டு யாரும் அலமாரியைத் தேடி வராதீர்கள். இடத்தையும் வழியையும் மாற்றியாகிவிட்டது!

அந்த அம்மாவுக்கு நாம் கொடுத்த பெயர் என்ன? குடும்பத்தைக் கெடுக்கிறவள்!

கிருஷாந்தியை மறக்க முடியுமா? அம்மாவின் உதவியால் தப்பி, நானுஓயாவில் அக்கா வீட்டில் நிம்மதியாக இருந்தவளை நாமே வேன் பிடித்துப் போய் அழைத்து வந்தோம். மாரியம்மன் சன்னதியில் அவள் புருஷன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான், இனிக் கை நீட்டமாட்டேன் என்று. நமக்குக் கண் கலங்கியது. அம்மா மட்டும் கெஞ்சினார்: "தலைவரே, கற்பூரம் அவன திருத்துமா? அந்தப் புள்ளய அனுப்பாதீங்க."

கேட்டோமா? கேட்கவில்லையே! அந்த வாரமே அவன் அடித்த அடியில் அவளுடைய இடது காது கேட்காமல் போனது. லயத்து வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் வழக்கம்போல் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு அம்மா லயத்தில் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கினார். "டிவிய அமத்துங்க. ரெண்டு மூணு பேரா போயி கதவத் தட்டுங்க. சண்டையப் பத்தி ஒன்னும் பேசாதீங்க, உப்பு கேளுங்க. அடிக்கிற கை கொஞ்சம் நிக்கும்." நாம் சிரித்தோம். உப்புக்காரி என்று பட்டம் வைத்தோம்.

கிருஷாந்திக்கு மறுபடியும் அடி விழுந்த அன்று, பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு இரண்டு பெண்களோடு கிண்ணத்தை ஏந்திப் போய் நின்றாள். அவன் கதவைத் திறந்தான். கிருஷாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இதோ, வலது காதை என் பக்கம் திருப்பியபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க சொன்னது சரிம்மா" என்று அம்மா உயிரோடு இருக்கும்போது நம்மில் ஒருவராவது சொன்னோமா? அதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்து மௌன அஞ்சலி என்கிறார்கள். மன்னியுங்கள் தலைவரே, வேண்டாம். கிருஷாந்தி அலறியபோது நாம் காத்த மௌனம் போதும்! அம்மாவின் வேலையை நான் தொடர்வேன். நீங்களும் வாருங்கள். இனி எந்தச் சுவருக்குப் பின்னால் சத்தம் கேட்டாலும் டிவியை அணைப்போம், கிண்ணத்தை எடுப்போம், சேர்ந்து போய்க் கதவைத் தட்டுவோம்.

உப்பு கேட்போம்!