திருத்தணி மொட்டைக்குத் திறந்த ஜப்பான் வாசல்

இன்று ஆகஸ்ட் பத்து, ஞாயிற்றுக்கிழமை. மணி மாலை ஆறு நாற்பது. நாற்காலி இருநூறு, ஆள் எழுபத்திரண்டு, சுண்டலுக்காக வந்தவர்கள் எழுபது!

தணிகை மலையடியில் தழைத்து நிற்கும் தலைவர், என் தாய்மாமன் துளசிங்கம் அவர்களே! முன்வரிசையை எவருக்கும் விட்டுத்தராத மூத்தோரே! பூக்கட்டும் கை ஓயாமலே காது கொடுக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

'ஜப்பான் கடலோரச் சுற்றுலா' என்று தலைப்புத் தந்தார்கள். சுற்றி வளைக்க எனக்கு வராது. மாமா மகள் காஞ்சனா நர்ஸ். ஜப்பானில் வகயாமா என்ற பகுதியின் கடலோர ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமா மறுக்கிறார். "கண்காணாத ஊர்ல பொண்ணு ஒத்தையா இருந்தா யார்ரா பாத்துக்குவாங்க?" என்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

போன வருஷம் ஆகஸ்டில் இயந்திரப் பயிற்சிக்காக அதே ஊருக்குப் போனேன். கடலென்றால் கடலா அது? கண்ணாடி! மணலென்றால் மணலா அது? சலித்த மாவு! நடுவில் ஓட்டை விழுந்த பாறைத் தீவு ஒன்று. அந்த ஓட்டைக்குள் அந்திச் சூரியன் அப்படியே இறங்குவான். அலையோரம் வெந்நீர் ஊற்று. கோடையில் கடல்மேல் வாணவேடிக்கை. இலையுதிர்காலத்தில் சாமி பல்லக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள் பாருங்கள், நம் காவடிக் கூட்டம் தோற்றது! செர்ரிப் பூவா? நான் பார்க்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் நடுவில் 'ஓபோன்'. மறைந்த முன்னோர் வீட்டுக்கு வந்துபோகும் பண்டிகை. துறவிகள் வீடு வீடாகப் போய் ஓதுவார்கள். மொட்டைத் தலைத் துறவிகள்! விமானம் ஏறும் முன் என் தாயார் எல்லம்மாள் நம் தணிகை மலையில் எனக்கு என்ன செய்தார்? நீங்களே சொல்லுங்கள்!

"மொட்ட!"

ஆங்! பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நரைத்த அம்மையார் ஒருவர் என் தலையைப் பார்த்தார்; குனிந்து வணங்கினார்; கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், மறைந்த தம் கணவர் படத்தின் முன் உட்காரவைத்தார். குடும்பமே மண்டியிட்டுக் காத்திருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் திருகாணி, எண்ணெய், நன்றி. எதை ஓதுவேன்? கண்ணை மூடினேன். "அரோகரா!" என்றேன். குடும்பமே திருப்பிச் சொன்னது: "அரோகரா!"

கதவு திறந்தது. நிஜத் துறவி! மொட்டையும் மொட்டையும் முகம் பார்த்தன.

"அடிச்சாங்களா நைனா?"

இல்லை நண்பா சூர்யபிரகாஷ், உனக்கு ஏமாற்றம்தான். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். சோறு போட்டார். இருட்டியதும் கணவருக்காகக் கடலில் விடும் விளக்கை என் கையில் தந்து, நீயே விடு என்று சைகை காட்டினார். அதன்பின் ஞாயிறுதோறும் எனக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு.

மாமா! பொய்ச் சாமியாருக்கே சோறு போட்ட ஊர், மெய்ச் செவிலியைப் பட்டினி போடுமா? தவறி நுழைந்தவனைத் தள்ளாத வாசல், தகுதியோடு வருபவளைத் தனியே விடுமா? விடுமா?

"டேய், வேலைக்குப் பேசறியா, பொண்ணு கேட்டுகினு இருக்கியா?"

வேலைக்குத்தான் சூர்யபிரகாஷ்! உட்கார்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. மாமா சம்மதித்தால், அங்கே விடிந்ததும் அம்மையாருக்குப் போன் போட்டு, 'ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள்' என்பேன்.

2. மறுத்தால், நாளையே மலையேறி மறுபடி மொட்டை. மாமா வீட்டு வாசலில் அமர்ந்து அரோகரா!

என்ன மாமா, மைக்கா? இந்தாங்க.

"உன் மொட்டய இன்னொரு வாட்டி பாக்க இந்த ஊரு தாங்காதுடா. போய்ட்டு வரட்டும். அந்தம்மா நம்பர எனக்கும் குடு."

3. இரண்டாவது ரத்து. மாமாவுக்கு நம்பர் தரப் போகிறேன். உங்களுக்குச் சுண்டலும் என் வணக்கமும்!